ஒன்பது கோல் முன்னிலை



நம் பள்ளிகளில் 'போலா பாலிங்' என்றே வழங்கும் எறிபந்து விளையாட்டுக்கு நான் பொறுப்பாசிரியர். ஆட்டம் அறிந்து பெற்ற பொறுப்பன்று. புறப்பாடப் பட்டியலில் என் பெயருக்கு நேராக அது வந்து விழுந்தது. விதிமுறைகளைப் புத்தகத்தில் படித்துக்கொண்டுதான் திடலுக்குச் சென்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிள்ளைகள் மாவட்ட இறுதியாட்டம் வரை சென்றனர். முற்பாதி முடிவில் 9-4 என்று முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது 12-13. திரும்பும் பேருந்தில் நான் பேசிய சொற்களை இன்று நினைத்தாலும் கூசுகிறது. "தலைக்கனம் ஏறிவிட்டது உங்களுக்கு" என்றேன். கோல்காவலனாக நின்ற ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒன்றும் பேசாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

இடைநிலைப்பள்ளியில் இதே விளையாட்டைப் பயிற்றுவிக்கும் நண்பரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் மறுமொழி கூறவில்லை. பழைய ஆட்டமொன்றின் ஒளிப்பதிவை அனுப்பி, முழுவதும் பார்க்கும்படி மட்டும் சொன்னார். அது 2016ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் செருமனியின் கொலோன் நகரில் நடைபெற்ற ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டம். ஒரு பக்கம் போலந்தின் கியெல்த்சே. மறுபக்கம் அங்கேரியின் வெஸ்ப்ரேம்.

வெஸ்ப்ரேம் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பாலத்தோன் ஏரிக்கு வடக்கே, ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் வாழும் சிறு நகரம். அங்கே 1977இல் ஒரு கட்டுமான நிறுவனத்தின் அணியாக இக்கழகம் தோன்றியது. 1985இல் முதன்முறையாக நாட்டு வெற்றியாளரானது. அதன்பின் அங்கேரியில் அதற்கு நிகரான கழகம் இல்லை என்றே சொல்லலாம். 2008 முதல் 2017 வரை தொடர்ந்து 10 ஆண்டுகள் அக்கிண்ணம் வேறெங்கும் செல்லவில்லை. ஆயினும் ஐரோப்பாவின் தலையாய கிண்ணம் மட்டும் கைக்கு எட்டவில்லை. 2002இல் இறுதிவரை சென்று மாக்டபர்க்கிடம் தோற்றது. 2015இல் பார்சலோனாவிடம் தோற்றது. 2016இல் மீண்டும் இறுதியாட்டம்.

அந்த ஒளிப்பதிவைப் பார்த்தபோது முதல் முக்கால் மணி நேரம் எனக்கு எந்த ஐயமும் எழவில்லை. வெஸ்ப்ரேம் 28, கியெல்த்சே 19. எறிபந்து அறுபது நிமிட ஆட்டம். ஏறக்குறைய கால் மணி நேரமே மீதி. ஒன்பது கோல் முன்னிலை என்பது வென்றாகிவிட்ட ஆட்டம். அணித்தலைவர் லாஸ்லோ நாஜ், முன்பு பார்சலோனாவுக்கு ஆடி இதே கிண்ணத்தை வென்றவர். பிறந்த நாட்டுக் கழகத்துக்கும் அதைப் பெற்றுத் தருவார் என்று நானும் எண்ணிவிட்டேன்.

அதன்பின் வெஸ்ப்ரேம் அடித்தது ஒரே ஒரு கோல். கியெல்த்சே அடித்தவை பத்து. கடைசி நொடிகளில் கிரிஷ்டோப் லியெவ்ஸ்கியின் எறி வலைக்குள் சென்றது; 29-29. கூடுதல் நேரம் 35-35. பின்னர் ஏழு மீட்டர் எறிகளில் முடிவாகியது: 39-38. போலந்துக் கழகம் ஒன்று அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை.

அக்கடைசிக் கால் மணி நேரத்தை மட்டும் மூன்று முறை பார்த்தேன். ஆசிரியர் அல்லவா, தவறு எங்கே என்று தேடும் கண் பழக்கம். தலைக்கனம் தென்படும் என எதிர்பார்த்தேன். அது தென்படவில்லை. தெரிந்ததெல்லாம் கனத்துப்போன கால்கள். ஒரு கணம் தாமதமாகச் செல்லும் பந்து. தடுப்பாளரின் கையில் பட்டுத் திரும்பும் எறி. எதிரணி ஓடத் தொடங்கியபின் திரும்பி ஓடும் ஆட்டக்காரர்கள். முந்தைய நாள்தான் அரையிறுதியில் செருமனியின் கீல் கழகத்தைக் கூடுதல் நேரம் வரை போராடி வென்றிருந்தனர் என்பதைப் பிறகு அறிந்தேன்.

அப்பொழுதுதான் எங்கள் ஆட்டம் நினைவுக்கு வந்தது. எறிபந்தில் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நடுவரிடம் அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை. இவ்விதியை நானே புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அன்று ஐந்து பிள்ளைகள் மாற்றாட்டக்காரர்களாக நீள்பலகையில் அமர்ந்திருந்தனர். ஆட்டம் முழுவதும் அமர்ந்தேயிருந்தனர். முன்னிலையில் இருக்கிறோமே, மாற்றினால் கெட்டுவிடுமோ என்று அஞ்சியவன் நான். வெயிலில் ஓடி ஓடி ஓய்ந்த பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, தலைக்கனம் என்று ஏசியவனும் நானே.

மறுநாள் இடைவேளையின்போது அக்கோல்காவலனை அழைத்துத் தவறு என்னுடையது என்று கூறினேன். ஆசிரியர் ஒருவர் இவ்வாறு சொல்வது பழக்கமில்லை போலும். அவன் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனுக்கும் மற்றவர்களுக்கும் வகுப்பறையில் அவ்வாட்டத்தைப் போட்டுக் காட்டினேன். 29-29 ஆனபோது வகுப்பே எழுந்து நின்றது.

"அப்புறம் அந்தச் சிவப்புச் சட்டை அணி என்ன ஆனது, ஐயா?" என்று அவன்தான் கேட்டான்.

சொன்னேன். மறு ஆண்டே, 2017இல், கொலோனுக்கு மீண்டும் வந்து மூன்றாமிடம் பெற்றது. 2019இல் நான்காம் முறையாக இறுதியாட்டம். வர்தாரிடம் 24-27 என்று தோல்வி. 2020 அரையிறுதியில் கூடுதல் நேரத்துக்குப் பின் கீலிடம் ஒரே கோலில் தோல்வி. 2024இல் எகிப்தில் உலகக் கழகக் கிண்ணத்தை வென்றது. ஐரோப்பியக் கிண்ணம்? 2025 வரை இல்லை.

ஒரு பெற்றோர் என்னிடம், தோற்ற ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவானேன் என்று கேட்டார். அன்று வென்ற அணியும் அதே ஒளிப்பதிவில்தானே இருக்கிறது என்றேன். அவருக்கு அது நிறைவளிக்கவில்லை. 'எத்தனை ஏ?' என்று கேட்டுப் பழகியவர்கள் நாம், 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே போய்விட்டபோதும் அக்கேள்வி போகவில்லை.

அம்மாணவன் பயிற்சிக்குத் திரும்பினான். இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். என் நண்பரின் அணியில் கோல்காவலன். இவ்வாண்டு எங்கள் அணியில் பதின்மூன்று பேர். யார் எந்த நிமிடத்தில் உள்ளே செல்வது என்பதைப் போட்டிக்கு முன்பே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். முன்னிலையில் இருந்தாலும் அத்தாளின்படியே மாற்றுகிறேன். சென்ற மாதம் அவ்வாறு மாற்றி ஓர் ஆட்டத்தில் தோற்றோம். பேருந்தில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் முன்னிருக்கையில் அமர்ந்து, தாளில் எந்த நிமிடம் பிசகியது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.