ஓராண்டு விருந்தினர்

இளைஞர் ஓராண்டு தங்கி, ஊர் சுற்றிப் பார்த்தபடியே செலவுக்கு வேலையும் செய்துகொள்ள இடமளிக்கும் விசாவை ஆஸ்திரேலியா 1975-இல் தொடங்கியது. அவ்வகை விசா இந்தியருக்கு 2024-இல்தான் கிட்டியது: வயது 18 முதல் 30 வரை, ஆண்டுக்கு 1,000 இடங்கள், தேர்வு குலுக்கலில்.

24 வயது மகனின் பெயர் விழுந்ததும், நிலத்தை அடகு வைக்கலாமா என்று தாய் ஒருவர் நம்மிடம் கேட்டார். நாம் தயங்கினோம். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதமே வேலை செய்யலாம். கடனடைக்க ஏற்பட்ட வழியன்று இது. கடனோடு போகிறவன், பழத்தோட்டத்தில் கூலியைக் குறைத்தாலும் வாய் திறவான். சுமையின்றிப் போகிறவனே உலகைக் காண்பான்.

"தம்பி உழைத்துச் சேர்த்துப் போகட்டும், அம்மா, முப்பது வரை காலமுண்டு" என்றோம். சொல்வது நமக்கு எளிது. அம்முகத்தின் வாட்டமோ இன்னும் நம்மை விட்டகலவில்லை.