தட்டருகே கிடந்த கடிதம்

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். ராத்திரி ஒரு மணிக்கும் அவள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், கழுத்துவரை போர்வை, கையில் ஆடம் செசாரேயின் 'கிளவுன் இன் எ கார்ன்ஃபீல்ட்'. "மூடி வெச்சாலும் பயமா இருக்கு மாமா, படிச்சாலும் பயமா இருக்கு" என்றாள். விளக்கை அணைக்கச் சொல்ல மனம் வரவில்லை. திரும்பி வந்து படுத்தேன். எனக்கும் தூக்கம் போய்விட்டது. அந்தக் கடிதம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

கல்லூரி நாட்களில் சென்ட்ரல் அருகே பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாவலில் வந்த கடிதம் அது. லோயிஸ் டங்கனின் 'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்'. முதுகில் பழுப்பேறிய செல்லோடேப், முதல் பக்கத்தில் யாரோ தன் பெயரை நீல மையால் அழுத்தி அடித்திருந்தார்கள். 1973இல் வந்த நாவல். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் ஜூலி காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வருகிறாள். தட்டுக்குப் பக்கத்தில் அவளுக்கு வந்த தபால். பிரித்தால் ஒரே வரி. புத்தகத்தின் தலைப்பே அந்த வரிதான். போன கோடையில் அவளும் மூன்று நண்பர்களும் வந்த கார், சைக்கிளில் போன ஒரு சிறுவனை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. வெளியே சொல்வதில்லை என்று நால்வருக்குள் சத்தியம். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

1997இல் அது படமானபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். முந்தின வருடம் 'ஸ்க்ரீம்' எழுதிய கெவின் வில்லியம்சன்தான் திரைக்கதை. சைக்கிள் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. கார் இடிப்பது ஒரு பெரியவரை. அப்புறம் மழைக்கோட்டும் இரும்புக் கொக்கியுமாக ஒரு மீனவன் வந்தான், வரிசையாகக் கொலைகள் விழுந்தன. தியேட்டர் அலறியது, நானும் அலறினேன். ஆனால் வெளியே வந்ததும் பயம் போய்விட்டது.

ஸ்லாஷர் படங்கள் எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' இன்றைக்குப் பார்த்தாலும் முதுகு சில்லிடும். சுமார் 3 லட்சம் டாலரில் 1978இல் எடுத்த படம். 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க்கின் முகமூடி ஒன்றை மலிவாக வாங்கி, வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொலைகாரனுக்கு மாட்டிவிட்டார்கள். அதில் எந்த உணர்ச்சியும் இல்லை, அதுதான் பயம். அதே வருடம் இங்கே 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. அதில் முகமூடியே வேண்டியிருக்கவில்லை. கமல்ஹாசனின் அழகான முகமே போதும்.

டங்கன் செய்தது வேறு. அவருடைய முகமூடி ஒரு பெயர். நாவலில் இரண்டு பெண்களுக்கு ஆளுக்கொரு புதுப் பையன் பழக்கமாகிறான், ஆளுக்கொரு பெயரில். இரண்டும் ஒரே ஆள் என்பது கடைசியில்தான் தெரியும். இதை எழுத்தில்தான் செய்ய முடியும், கேமரா முகத்தைக் காட்டிவிடும். செத்துப்போன தம்பிக்காக வந்திருக்கும் அண்ணன் அவன். வியட்நாம் போருக்குப் போய்வந்தவன்.

1989 ஜூலையில், ஆல்புகெர்க்கியில் கார் ஓட்டிப்போன டங்கனின் கடைசி மகளை யாரோ சுட்டுக் கொன்றார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது. 1992இல் டங்கன் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'ஹூ கில்ட் மை டாட்டர்?' தான். இளம்பெண்களை ஆபத்தில் நிறுத்திக் கதை எழுதுவது அதன்பிறகு அவருக்குக் கடினமாயிற்று. தன் நாவலைக் கொலைப்படமாக ஆக்கியது தனக்குப் பேரதிர்ச்சி என்று வெளிப்படையாகச் சொன்னார். இதையெல்லாம் நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். கொக்கியைப் பார்த்து அலறிய அந்தச் சாயங்காலம் அப்போது மனசை அறுத்தது.

செசாரேயின் புத்தகத்தை நானும் படித்திருக்கிறேன். 2020இல் வந்தது. மிசூரியில் கெட்டில் ஸ்பிரிங்ஸ் என்ற கற்பனை ஊர், மூடிப்போன கார்ன் சிரப் தொழிற்சாலை, அதன் சின்னமாக இருந்த ஃப்ரெண்டோ கோமாளி. முகமூடிக்குள் இருப்பது யார் என்பதை அக்கா மகளிடம் நான் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்தக் கொலைகளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, ஊரே சேர்ந்து வளர்த்த கோபம் அது. இளையவர்களுக்கு எழுதும் திகில் கதைக்கு அது வேண்டும். செத்தவன் யார், அவனுக்காக அழ யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் தலைகளை மட்டும் உருட்டினால் அது வெறும் எண்ணிக்கை.

காலையில் அவள் எழுந்து வருமுன், செல்லோடேப் ஒட்டிய புத்தகத்தைத் தேடி எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இட்லியைத் தொடாமல் புத்தகத்தைப் புரட்டினாள்.

"இதுல எத்தன கொல மாமா?"

ஒரே ஒரு சாவுதான் என்றேன். சைக்கிளில் போன பையன்.