பிடிக்கும் சாயமும் ஓடும் உப்பும்

சாயமேற்றிய பனியன் துணியின் மேல் ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் போதும், சாயப்பட்டறையின் லட்சணம் தெரிந்துவிடும். திருப்பூரில் டையிங் மாஸ்டராக இருக்கும் எனக்கு வேதிப்பிணைப்பு என்பது அந்த வெள்ளைத் துணியில் தெரியும் சங்கதி.

பருத்திக்கு நிறம் கொடுக்கப் பல வழிகள் உண்டு. டைரக்ட் சாயத்துக்கு உப்பும் வெந்நீரும் போதும். அதன் நீண்ட, தட்டையான மூலக்கூறு செல்லுலோஸ் மேல் படிந்து, ஹைட்ரஜன் பிணைப்பாலும் வான்டர்வால்ஸ் விசையாலும் நிற்கிறது. தண்ணீருக்கும் செல்லுலோஸோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடத் தெரியும். அதனால் ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் சாயம் இடம் பெயர்கிறது. நீலச் சாயமான இண்டிகோவுக்குப் பிணைப்பே கிடையாது. கரையும் வடிவில் நூலுக்குள் புகுந்து, காற்றுப் பட்டதும் கரையாத வடிவத்துக்குத் திரும்பிச் சிக்கிக்கொள்கிறது. சலவைக்குத் தாங்கும், உரசினால் உதிரும். ஜீன்ஸ் முழங்காலில் வெளுப்பது இதனால்தான்.

ரியாக்டிவ் சாயத்தின் கதை வேறு. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீபன் இருவரும் 1954-இல் கண்ட வழி, 1956-இல் புரோசியான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இதில் சாய மூலக்கூறு செல்லுலோஸோடு சகப்பிணைப்பால் இணைகிறது. டைரக்ட் சாயம் குண்டூசி குத்திய துணி என்றால் இது தையல் போட்ட துணி.

அந்தத் தையல் விழும் நேரம்தான் எங்கள் வேலையின் உயிர். தண்ணீரில் பருத்தியின் பரப்புக்கு எதிர்மின் சுமை உண்டு, சாயத்துக்கும் அதுவே. இரண்டும் விலகி நிற்கும். உப்பின் சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணிக்க, சாயம் நூலை நெருங்குகிறது. இதுவரை பிணைப்பு ஏதுமில்லை. அலசினால் பெரும்பகுதி போய்விடும். சாயம் சீராக ஏறிய பிறகே சோடா என்ற காரத்தைப் போட வேண்டும், அதுவும் சிறுகச் சிறுக. காரம் ஏறியதும் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் ஹைட்ரஜனை இழந்து சாயத்தைப் பற்றுகிறது. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். சகப்பிணைப்பு விழுந்த பிறகு திட்டை நகர்த்திச் சமப்படுத்த முடியாது.

அதே தொட்டியில் தண்ணீரும் சாயத்துக்குப் போட்டி போடுகிறது. தண்ணீரோடு வினைபுரிந்த சாயம் இனி பருத்தியோடு சேராது. ஆனால் நிறம் மாறாமல் துணிமேல் படிந்திருக்கும். மெஷினிலிருந்து எடுத்ததும் தெரியும் அடர்த்தியை நான் நம்பாததற்கு அதுதான் காரணம். முதலில் நன்றாக அலசி உப்பை இறக்க வேண்டும். உப்பு இருக்கும்வரை அந்தச் சாயம் துணியை விடாது. பிறகு கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சோப்பிங், அதாவது சோப்புக் கரைசலில் கழுவுதல். சோப்பிங்கில் நேரத்தை மிச்சம் பிடித்தால் வெள்ளைத் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

உப்பு யாரோடும் சேராது. நூறு கிலோ துணிக்கு எண்ணூறு லிட்டர் தண்ணீர், அடர்நிறத்துக்கு லிட்டருக்கு எண்பது கிராம் உப்பு என்று வையுங்கள்: 64 கிலோ. அவ்வளவும் கழிவுநீரில் வெளியேறும். நுண்ணுயிர்களைக் கொண்டு சாயத்தைச் சிதைக்கலாம். சோடியம், குளோரைடு அயனிகளில் சிதைக்க என்ன இருக்கிறது? நொய்யல் ஆறு உவர்ந்துபோனது இப்படித்தான். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சவ்வு வழியே தண்ணீரைப் பிரித்து, எஞ்சியதை ஆவியாக்கி உப்பை மீட்பது இத்தொழிலின் நிபந்தனையாகிவிட்டது.

இரண்டு வினைக்குழுக்கள் கொண்ட சாயங்களும் இருக்கின்றன. ஒன்றைத் தண்ணீர் பறித்தாலும் மற்றொன்று நூலைப் பிடிக்கும். நூலில் பிடித்த சாயம் கழிவுக்குப் போவதில்லை. துணியின் தரம், கழிவுநீரின் சாயச் சுமை என்று நாங்கள் இரண்டு கணக்கு எழுதினாலும், இரண்டையும் தீர்மானிப்பது சோடா போடும் அந்த ஒரு மணி நேரம்தான்.