சிவப்பு விழுந்த தாள்

விழித்திரையை ஒளியால் அளக்கும் ஓ.சி.டி. பரிசோதனை எடுக்க வருபவரிடம் நான் முதலில் கேட்டு வாங்குவது மூக்குக்கண்ணாடியை. எட்டப் பிடித்து, அதனூடே சுவரிலுள்ள எழுத்தைப் பார்ப்பேன். எழுத்து சிறுத்துத் தெரிந்தால் கிட்டப்பார்வை. அப்படிப்பட்ட கண் பெரும்பாலும் நீளமானது. நீளமான கண்ணில் நரம்பிழைப் படலம் மெலிவாகவே அளவாகும்.

நான் வேலை செய்யும் கம்பளைக்கு இந்தப் பரிசோதனைக்காக நாவலப்பிட்டி, புசல்லாவைப் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சிலர் கையில் வேறெங்கோ எடுத்த தாள் இருக்கும். அதில் சிவப்பும் இருக்கும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "செவப்பு காட்டுதாம் தம்பி. கண்ணு போயிருமா?"

"செவப்ப மட்டும் வச்சுச் சொல்ல ஏலாதும்மா. மொதல்ல கண்ணாடியக் குடுங்க."

விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் இழைகள் ஒரு கண்ணில் ஏறத்தாழ பத்து இலட்சம். அவை எல்லாம் பார்வை நரம்பு புறப்படும் வட்டில் வந்து கூடுகின்றன. அந்த வட்டைச் சுற்றி 3.4 மில்லிமீற்றர் அளவு விட்டத்தில் வளையம் போட்டு, அங்கே அந்த இழைகளாலான படலத்தின் தடிப்பைக் கருவி ஒளியால் அளக்கிறது. நலமான வளர்ந்தவர்களிடம் சராசரி 90 முதல் 100 மைக்ரோன் வரை இருக்கும். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. குளுக்கோமா என்ற கண்நோயில் தேய்வது இந்தப் படலம்தான், பெரும்பாலும் வட்டின் மேலும் கீழும் முதலில்.

நிறம் எப்படி வருகிறது? நலமானவர்கள் பலரின் அளவுகள் கருவிக்குள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அதே வயதினரில் மிகக் குறைந்த 1 சதவீதத்தினரின் அளவுக்குள் ஒருவர் வந்தால் சிவப்பு. ஆகவே நோயே இல்லாத நூறு பேரை உட்கார வைத்தாலும் சராசரியாக ஒருவருக்குச் சிவப்பு வரத்தான் செய்யும். இதை யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

வயதைக் கருவி கணக்கில் எடுக்கிறது. பத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோன் இயல்பாகவே குறையும். கண்ணின் நீளத்தையோ பெரும்பாலான கருவிகள் கேட்பதில்லை. நீண்ட கண்ணுக்குள் அந்த வளையம் பெரிதாக விரிந்து, வட்டை விட்டுத் தள்ளி விழுகிறது. வட்டிலிருந்து தள்ளப் போகப் போகப் படலம் மெலிவதால் எண்ணும் குறைகிறது. வட்டே சிறிதாக இருந்தாலும் இதே கதை. வட்டு பெரிதானால், மெலிந்த படலமும் தடித்ததாகத் தெரியக்கூடும். எனக்கு அதுதான் கூடுதல் பயம்.

பிறகு கண்புரை. கண்டிக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 1,375 பேரைப் பரிசோதித்து 2009இல் வெளியான கண்டி கண் ஆய்வில், பார்வைக் குறைவுக்கு முதற்காரணமாக நின்றது கண்புரைதான். புரைபட்ட கண்ணில் ஒளி மங்கித் திரும்புகிறது. படலத்தின் விளிம்பு கலங்க, அளவு குறைந்துபோகிறது. வறண்ட கண்ணும் அப்படியே. சொட்டு மருந்து ஒரு துளி விட்டு, நன்றாக இமைக்கச் சொல்லி மீண்டும் எடுத்தால், சில நேரம் சிவப்பு, எல்லையைக் குறிக்கும் மஞ்சளாகிவிடும்.

இனத்துக்கும் பங்குண்டு. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்திய வம்சாவளியினர் என மூன்று இனத்தவரையும் அளந்து 2019இல் வெளியிட்டார்கள். இந்தியரின் சராசரி சீனரைவிட ஏறத்தாழ 8 மைக்ரோன் குறைவு. முதுமை நாற்பது ஆண்டில் எடுப்பதை அந்த வித்தியாசம் ஒரே தாவலில் எடுத்துவிடுகிறது. நம் மலையகத்துக் கண்களை யாருடைய கண்களோடு ஒப்பிட்டு அந்த நிறம் விழுகிறது என்று நான் ஒவ்வொரு தாளிலும் யோசிக்கிறேன்.

அதனால் தாளின் மேல் ஓரத்தில் கையாலேயே எழுதுகிறேன்: கண்ணாடியின் பவர், புரை உண்டா இல்லையா, திரும்பிய ஒளியின் சிக்னல் எவ்வளவு. டொக்டர் கண்ணழுத்தத்தையும் வட்டின் தோற்றத்தையும் பார்வைப் புலப் பரிசோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். அந்த அம்மாவுக்குக் கண்ணாடி மைனஸ் ஆறு. புரையும் இருந்தது. டொக்டர் மருந்து தொடங்கவில்லை. ஆறு மாதத்தில் மீண்டும் வரச் சொன்னார்.

இயல்பு எனக் காட்டும் பச்சையும் என்னை ஏமாற்றக்கூடும். சென்ற ஆண்டு 108 இருந்த கண்ணில் இப்போது 94 என்றால் தாள் பச்சையாகவே இருக்கும், ஆனால் இழைகள் போய்க்கொண்டிருக்கலாம். பழைய தாள் இல்லாமல் இதைப் பிடிக்க முடியாது. வேறு கம்பனிக் கருவியில் எடுத்த எண்ணை இதோடு கழித்துப் பார்க்கவும் முடியாது. ஒவ்வொன்றும் விளிம்பை ஒவ்வொரு விதமாகக் கணிக்கிறது. எனவே எல்லோரிடமும் சொல்கிறேன்: தாளை மடக்காமல் வைத்திருங்கள், அடுத்த முறையும் இதே கருவியில் எடுங்கள், வரும்போது கண்ணாடியையும் கொண்டு வாருங்கள்.