‘வரை’ என்னும் சொல்

அணியிலக்கணம் பயில்வோர் ‘மடக்கு’ என்பதனை நன்கறிவர். வந்த எழுத்துத்தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தருவது அது. ஒரு கட்டளைத் தொகுதியைக் கணிப்பொறி திரும்பத்திரும்பச் செய்வதற்கும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இப்பெயரையே இட்டுள்ளன. பொருத்தமே, கட்டளை மாறாது, சுற்றுதோறும் மதிப்பு மாறும்.

முத்தையா அண்ணாமலை இயற்றிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி (அதனைப்பற்றிய அவர்தம் கட்டுரை 2009-இல் வெளிவந்தது) மடக்கின் ஒருவகைக்கு ‘வரை’ என்னும் சொல்லைக் கொண்டது. ஆங்கிலம் வாயாத இளைஞர்க்கு இஃது எத்துணை எளிது! ஆயினும் ஈண்டு ஒரு நுட்பம் உளது. நம் நாஞ்சில் நாட்டு வயல்களில் ‘குளத்தில் நீர் உள்ள வரை பாய்ச்சு’ எனலாம்; ‘குளம் வற்றும் வரை பாய்ச்சு’ எனவும் கூறலாம். இரண்டிற்கும் வேலை ஒன்றே. ஆனால் முன்னது தொடர்தற்குரிய நிலையைச் சுட்டும். பின்னது நிற்றற்குரிய எல்லையைச் சுட்டும். தமிழ்ச்செவி இரண்டையும் மயக்கமின்றிக் கொள்ளும். பொறியோ முன்னதையே கொள்ளும். ‘நீர் > 0’ என்பதனை அடைப்பினுள் இட்டு ‘வரை’ என எழுதின் நீர் பாயும். வற்றுதலைக் கருதி ‘நீர் == 0’ என எழுதினாலோ, குளம் நிறைந்திருந்தும் ஒரு சுற்றேனும் நிகழாது; பொறி அதனைப் பிழையென்றும் உரைக்காது. நீரைக் குறைக்கும் வரியை மறப்பின் மடக்கு முடிவின்றிச் சுழலும் என்பது எம்மொழி நிரலுக்கும் பொது. அது வேறு செய்தி.

‘உள்ளவரை’ என்றே அச்சொல் அமைந்திருப்பின் நலம் என்பது எமது கருத்து. புதிதாய்ப் பயில்வோர், நிபந்தனையை எழுதியபின், அச்சொல்லைக் கூட்டி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.