ஆண்மை ஊசி: சுவரில் எழுதாத விஷயங்கள்

மதுரைப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நோட்டீஸ் மனப்பாடம். ஆண்மைக் குறைவா, நரம்புத் தளர்ச்சியா என்று கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி. கீழே லாட்ஜ் பெயர், அறை எண், வைத்தியர் வந்து தங்கும் தேதி. இப்படியெல்லாம் விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. சட்டமும் இருக்கிறது, நோட்டீசும் இருக்கிறது!

இளவட்டங்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் நின்று படித்து, லாட்ஜ் பெயரை மனதில் குறித்துக்கொள்ளும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை யோசித்துப் பாருங்கள். திருமங்கலம் பக்கம் ஊர். பத்து வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாக வயலுக்குப் போக மனசில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், மனைவி பக்கத்தில் படுப்பதையே தவிர்க்கிறார். "என்னங்க, உடம்புக்கு என்ன செய்யுது?" என்று அந்த அம்மா கேட்டால், "ஒண்ணுமில்ல, வெயிலு" என்பதோடு பேச்சு முடிந்தது. மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்குப் பெரியாஸ்பத்திரி போகிறவர்தான். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது? லாட்ஜ் அறையில் கதவு சாத்தியிருக்கும். பாதி வியாபாரம் அந்தக் கதவினால்தான் நடக்கிறது.

அவருக்கு நிஜமாகவே டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கலாம். சர்க்கரை, தொப்பை, குடி மூன்றுமே அதைக் குறைக்கும். கண்டுபிடிப்பது ஒன்றும் மந்திரமில்லை. காலை பத்து மணிக்குள் ரத்தம் எடுத்து, இரண்டு தனித்தனி நாட்களில் பார்க்க வேண்டும். ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, தொந்தரவும் இருந்தால்தான் சிகிச்சை பற்றிய பேச்சே. ஜெல் இருக்கிறது, ஊசி இருக்கிறது. ப்ராஸ்டேட் புற்றுநோய் இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. ரத்தம் கெட்டியாகிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும்.

சரி, போட்டுக்கொண்டால் பழைய ஆள் ஆகிவிடலாமா? 1889-ல் பாரிஸில் ப்ரௌன் செக்கார் என்ற 72 வயது விஞ்ஞானி, நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச்சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். தண்ணீரில் எடுத்த அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பே குறைவு. பலித்தது மனசு! (லேகியம் பலிப்பதும் பல சமயம் இப்படித்தான்.)

ஒழுங்கான பதில் 2016-ல் அமெரிக்காவில் கிடைத்தது. 65 வயதைத் தாண்டிய, ஹார்மோன் குறைந்த 790 பேருக்கு ஒரு வருடம் ஜெல். இந்த 790 பேரைப் பிடிக்க 51,085 பேரைச் சலிக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். தாம்பத்திய ஆசை ஓரளவு திரும்பியது, மனச்சோர்வு கொஞ்சம் குறைந்தது. உடல் அசதியில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. மாரடைப்பு வருமோ என்ற பயத்துக்கு 2023-ல் ஐயாயிரத்துச் சொச்சம் பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு பதில் சொன்னது: மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத் துடிப்பும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்றுக் கூடின. ஆக, திருமங்கலத்துக்காரருக்கு உதவி உண்டு, அளவோடு.

உண்மையான ஆபத்து இளைஞர்களுக்குத்தான். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று புஜத்துக்காகப் போடுகிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருடமாகக் குழந்தையில்லை என்று சிலர், ஆண்மை ஊசிதானே என்று இதையே போடுகிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், போதும் என்று மூளை சமிக்ஞையை நிறுத்திவிடும். விதைகள் வேலையை நிறுத்தும். விந்தணு குறைந்து, பலருக்குச் சுத்தமாக இல்லாமலே போகும். 1990-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இந்த ஹார்மோனைச் சோதித்தது எதற்காகத் தெரியுமா? ஆண்களுக்கான கருத்தடை ஊசியாக!

நிறுத்தினால், மாதக்கணக்கில் காத்திருந்தபின் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பிவிடும். அதற்குள் ஊரில் மருமகளைப் பேசாத பேச்சு மிச்சமிருக்காது.