தறிக்குழியும் சட்டமன்றமும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியிலே இருக்கிறது எங்கள் ஐயம்பேட்டை. தறியோசை கேட்டுத்தான் விடியும் அங்கே பொழுது. கோர்வைப் புடவை என்றால் உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். இரண்டையும் இணைத்திட இருவர் வேண்டும்: உடலை நெய்பவர் ஒருவர், கரைக்கான நாடாவை எறிந்து கொடுப்பவர் மற்றொருவர். அந்த இரண்டாம் இடத்திலே அன்றெல்லாம் பெரும்பாலும் சிறுவர்களே அமர்ந்திருப்பர். எட்டு வயதிலே நானும் அமர்ந்தேன், என் தந்தைக்குப் பக்கத்திலே.

கோயிலிலே தெய்வத்துக்குப் பட்டு சாத்துவார்கள். கண்குளிரக் கண்டு கைகூப்புவார்கள். அந்தப் பட்டுக்குக் கரை போட்ட பிள்ளையின் கண்ணிலே ஒளி இருக்கிறதா என்று பார்த்தவர் யார்?

ஒருவர் பார்த்தார். கிராம சுகாதாரச் செவிலியர்; எங்கள் தெருவுக்கு அவர் 'நர்சம்மா'. கருவுற்றிருந்த என் தாயைப் பார்க்க வந்தவர், தறியருகே இருந்த என்னைக் கண்டார். இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது.

"மாத்திரை தந்துவிட்டுப் போகிறேன், அண்ணே. ஆனால் மாத்திரை மட்டும் போதாது. பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்" என்றார்.

"அனுப்பினால் கரை நாடாவை யார் எறிவதம்மா? முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தொலைத்திருக்கிறேனே!" என்றார் என் தந்தை.

அவர் கொடியவர் அல்லர், கடன்பட்டவர். நர்சம்மா போனதும், பிரசவ வீடுகளுக்குப் போய்வருகிறவள் என்று சொல்லி, அவர் அமர்ந்த திண்ணையிலே நீர் தெளித்தார் என் பாட்டி. பிள்ளையை உலகுக்கு எடுத்துத் தரும் கை தீட்டாம்! தீட்டு என்று தெரிந்தும் மறுவாரம் வந்தார் அந்த அம்மையார். மூன்றுமுறை வந்தார், நான்காம் முறை தலைமையாசிரியரையும் உடன் அழைத்து வந்தார். நான் பள்ளிக்குச் சென்றேன்.

எதிர்வீட்டுப் பையன் செல்லவில்லை. அவன் வீட்டிலே முன்பணம் அதிகம்.

அந்த எதிர்வீட்டை எண்ணியே இதை எழுதுகிறேன். ஒரு செவிலியரின் அன்பு ஒரு சிறுவனை மீட்டது. தெருவையே மீட்க அன்பு போதாது, சட்டம் வேண்டும், திட்டம் வேண்டும். அவை பிறக்குமிடம் சட்டமன்றம். அங்கே மக்கள் நல்வாழ்வு ஒரு மானியக் கோரிக்கை. பள்ளிக்கல்வி வேறொரு மானியக் கோரிக்கை. நர்சம்மா கண்ட வீட்டிலோ இரண்டும் ஒன்று. வெளுத்த இமையும் படிக்காத பாடமும் ஒரே பிள்ளையிடம் இருந்தன. பசித்த வயிற்றிலே பாடம் ஏறாது என்றுணர்ந்துதானே, 1920-இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியிலே உணவு தரச் செய்தார்!

உள்ளிருந்து ஒரு குரல் எழுந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத்தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடுத்த போர், 1947-இல் சட்டமாக வென்றது. அவர் மருத்துவர். செவிலியர் ஒருவர் மன்றம் ஏறியதைக் காணவேண்டுமா? அமெரிக்காவைப் பாருங்கள். டல்லாஸ் நகர மருத்துவமனையிலே செவிலியராயிருந்த கறுப்பினப் பெண் எடி பெர்னிஸ் ஜான்சன், 1972-இல் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1993 முதல் 2023 வரை அந்நாட்டு நாடாளுமன்றத்திலே வீற்றிருந்தார்.

இங்கே? மேலவை இருந்த காலத்தில், அரசியல் சட்டத்தின் 171-ஆம் பிரிவு, அதன் இடங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்க ஒதுக்கியது. நன்று, நாம் மகிழ்வோம்! செவிலியருக்கு அப்படி ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. 1986-இல் மேலவையே மறைந்தது. மன்றத்துள் இடமில்லாதவர் என் செய்வர்? முற்றத்திலே அமர்வர். 2015-இல் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த முறையிலே அமர்த்தப்பட்ட செவிலியர்கள், பணிநிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தை நிறைத்தனர். அவர்கள் கேட்டது தமக்காக மட்டும் என்று எண்ணற்க. நாளை இருப்போமா என்றறியாத செவிலியர், நான்காம் முறை ஒரு வீட்டுப் படியேற இயலுமா?

அரசுப் பணியிலிருப்போர் தேர்தலிலே நிற்க முடியாது; விதி தடுக்கிறது. ஆனால் ஓய்வு பெற்ற செவிலியர் நிற்கலாமே! வேட்பாளரைத் தேடும் கட்சிகள், வசதியையும் சாதியையும் எண்ணிப் பார்க்கின்றன. முப்பதாண்டு வீடுவீடாக நடந்த காலை எண்ணிப் பார்த்ததுண்டா? சட்டமன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கென்று 2023-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த இருக்கைகளிலே அமைச்சரின் மனைவியும் தலைவரின் மகளும் மட்டுமே அமர்ந்தால், பெற்ற பயன் என்ன? மன்றக் குழுக்களேனும் செவிலியரை அழைத்துக் கேட்கட்டும், எந்தத் தெருவிலே எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று. பதில் அவர்களிடம் இருக்கிறது.

எதிர்வீட்டுத் தோழனைச் சென்ற திங்கள் கண்டேன். சரிகையின் நிறம் பிரித்தறியக் கண் ஒத்துழைக்கவில்லை என்றான். பின்னர் கேட்டான்: "அந்த நர்சம்மா என் வீட்டுக்கும் நான்குமுறை வந்தாரே, நினைவிருக்கிறதா?"

வந்தார். அவருக்குப் பின்னே ஒரு சட்டம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.